பூத்து வந்த தவசிமுத்து

ஆடிக்காற்றில் தேரிக்குள் போய்க் காணாமல் போன தவசிமுத்து, வருஷங்கள் கழித்து, கார்த்திகை மழை வெறித்த ஒரு காலையில், ஊருக்கு மேற்கே செம்மணல் மேட்டின் சரிவில் வெள்ளைப் பூக்களாக ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தான். ஓலை பொறுக்கப் போன அவன் அண்ணன் பெண்டாட்டி வெள்ளையம்மாதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு அலறவில்லை, மயங்கி விழவில்லை, தலையில் இருந்த ஓலைக்கட்டை இறக்கி வைத்தாள், சேலையை இழுத்துச் சரிசெய்தாள், கொழுந்தன் முன்னால் நிற்கிற மரியாதையோடு இரண்டு எட்டு பின்னால் வந்தாள், அப்புறம் ஊருக்குள் ஓடி, "கொழுந்தன் வந்துட்டாவ. மேட்டுல படுத்திருக்காவ. இன்னும் தெளியல போலுக்கு" என்று சொன்னாள்.

எட்டுப்பனைவிளை ஊர் அதை நம்புவதற்கு ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தேரியைப் பார்க்காதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். கடலுக்கும் வயலுக்கும் நடுவே சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கிற காடு அது. ஆடி மாதம் மேல்காற்று கிளம்பினால் இன்றைக்கு இங்கே இருக்கிற மேட்டை அள்ளி நாளைக்கு அங்கே வைக்கும், நேற்று நடந்த பாதையை இன்று காணோம் என்று யாரும் போலீசுக்குப் போவதில்லை, கிணற்றைக் காணோம் என்றால்கூட இரண்டு நாள் பார்ப்போம் என்பார்கள். மேடே நடந்து போகிற ஊரில் மனுஷன் பூத்து வருவது ஒரு அதிசயமா?

ஆள் தவசிமுத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பனையிலிருந்து விழுந்ததில் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்ட இடது பாதம் அப்படியே திரும்பி இருந்தது. பனை சீவுகிற பாளை அரிவாள் வாங்கிக்கொண்ட வலது கைச் சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் பூ இல்லை, வெறும் மணல்தான் இருந்தது. குடித்துவிட்டு வரும் நாளில் வழியில் எங்கே சாய்ந்தாலும் முழங்காலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குழந்தை மாதிரித் தூங்குவானே, அதே படுக்கை. பூ ஒவ்வொன்றும் நகக்கண் அளவு, நாலு இதழ், நடுவில் கொஞ்சம் மஞ்சள். இலை சாம்பல் பூத்த பச்சை. ஒரு இலையைக் கிள்ளி மென்றால் தாளித்த கடுகைக் கடித்த மாதிரிக் காரம் மூக்கில் ஏறியது. அந்த ஊரில் யாரும் இதற்கு முன்னால் அந்தச் செடியைப் பார்த்ததில்லை. தவசிமுத்துவைப் பார்த்திருக்கிறார்கள், அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாள் நின்றான். நின்றவன் நடக்க ஆரம்பித்தான். யார் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கவில்லை. நேற்று இருந்த இடத்தில் செடி வாடி மண்ணோடு போயிருக்கும், அதற்குக் கீழே, ஊரைப் பார்த்து ஒரு எட்டு தள்ளி, புதிதாகப் பூத்து நிற்பான், ஒரு கால் முன்னால் வைத்து, ஒரு கை வீசி. மேட்டடியில் பாய் விரித்துக் காவல் இருந்த இளவட்டங்கள், கண் சிமிட்டுகிற இடைவெளியில் நடந்துவிட்டான் என்று சத்தியம் செய்தார்கள்.

அவன் யாரைத் தேடி வருகிறான் என்பதை ஊர் உடனே தீர்மானித்துவிட்டது. வேறு யாரை? பெண்டாட்டி ராசக்கனியைத்தான். அங்கேதான் சிக்கல் இருந்தது, ஏனென்றால் ராசக்கனிக்குத் தை மாதம் கல்யாணம்.

ராசக்கனி தேரியில் பிறந்தவள் இல்லை. ஆற்றுப் பாசனத்து ஊரிலிருந்து, வாய்க்காலும் வரப்புமாக வளர்ந்த காலோடு, இந்த மணலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் நடக்கத் தெரியாமல் மணலில் விழுவாள், ஊர் சிரிக்கும். பிறகு விழுவதற்கு வேறு காரணங்கள் வந்தன, ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது. தவசிமுத்து அடிப்பான். குடித்தாலும் அடிப்பான், குடிக்கக் கிடைக்காத அன்றைக்கு அதற்காகவும் அடிப்பான். அவள் வலது மணிக்கட்டு ஒருதரம் ஒடிந்து, கட்டுப்போடப் போகவிடாமல் அவன் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதால், கோணலாகவே கூடிவிட்டது. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் அம்மிக்கல்லே தலையிடாது என்று ஊரில் ஒரு பேச்சு. அம்மிக்கல்லுக்குக் காது கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு ஆடியில், எதிரே நிற்கிற ஆளைத் தெரியாத செம்புழுதிக் காற்றில், மேட்டுக்கு அந்தப் பக்கம் சாராயம் தேடிப் போனான். போனவன் வரவில்லை. பம்பாய் போயிருப்பான் என்றார்கள், சூரத் என்றார்கள், மணல் மூடியிருக்கும் என்றும் மெதுவாகச் சொன்னார்கள். ராசக்கனி முருங்கைக்காய் கமிஷன் கடையில் காய் தரம் பிரித்து, கட்டுக் கட்டி, தன் சோற்றைத் தான் தின்றாள். தினமும் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு வருகிற லிங்கதுரை, பெண்டாட்டி செத்துத் தனியாக இருப்பவன், ஒரு நாள் அவள் குடத்தைத் தூக்கிவிடும்போது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், மறுநாளிலிருந்து குடத்தை வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தான். அது வளர்ந்து கல்யாணப் பேச்சானது. தவசிமுத்துவின் அண்ணன் பலவேசம்கூடச் சரி என்று சொல்லியிருந்தார். அதெல்லாம் தம்பி பூப்பதற்கு முன்னால்.

பலவேசம் ஒரே சுவர் தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து வெள்ளையம்மாவையும் கூட்டிக்கொண்டு ராசக்கனியின் முற்றத்துக்கு வந்தபோது அவள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏ ராசக்கனி, தைக் கல்யாணத்த நிப்பாட்டணும்" என்றார் பலவேசம்.

அவள் இலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"வருதது என்ன பேயா பிசாசா? ஒம் புருஷன். ஆளு வந்துக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தன் கையால தாலி வாங்குனா ஊரு எங்க மூஞ்சில துப்பாதா?"

"வந்தா எங்க படுப்பாவ அத்தான்?"

"இதென்ன கேள்வி? வீட்டுலதான்."

"நான்?"

பலவேசம் வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா தரையைப் பார்த்தாள்.

"நீயும் வீட்டுலதான்" என்றார் பலவேசம். "வேற எங்க?"

அதற்குப் பிறகு ஊர் வேலைகளைத் தொடங்கியது. அவளைக் கேட்காமல் அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுடலைமாடன் கோயிலில் ஒரு கூட்டமும் தேவாலயத்தில் ஒரு கூட்டமும் கூடி, நாலு இதழ் சிலுவை அடையாளம் என்று ஒரு பக்கமும், வெள்ளைப் பூ மாடனுக்கு உகந்தது என்று இன்னொரு பக்கமும் வாதாடிவிட்டு, கடைசியில் வருகிறவனுக்கு வேட்டி துண்டு எடுப்பதில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டார்கள். பலவேசம் தம்பியின் பாளை அரிவாளைத் தேடி எடுத்து, துரு போகச் சாணை பிடித்து, பளபளவென்று அவள் வீட்டு நடுச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். ராசக்கனி அதைப் பார்த்தபடி சோறு தின்றாள், அதைப் பார்த்தபடி படுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அவளுக்குப் பழையது, பேர்கூடத் தெரிந்தது, அது போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தேரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணலில் போகும்போது எங்கே ஒரு பச்சை தெரிந்தாலும், அது யார் வைத்தது, என்ன செடி என்று கேட்காமல், கையில் இருக்கிற தண்ணீரில் ஒரு வாயாவது அதற்கு ஊற்றிவிட்டுத்தான் நகர்வார்கள். எதிரியின் பனங்கன்றாக இருந்தாலும் ஊற்றுவார்கள். ஊற்றாமல் போனால் சாகிற நேரத்தில் தொண்டை நனையாது என்பது நம்பிக்கை. தண்ணீர் கிடைக்காமல் செத்த செடிகளையே பார்த்து வளர்ந்த ஜனம், வேறு என்ன செய்யும்? தவசிமுத்துவுக்கும் ஊற்றினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாட்டிலில் மிச்சம் வைத்து ஊற்றின, பனையேறிகள் கலயத்தைக் கவிழ்த்தார்கள், பெண்கள் செம்பில் கொண்டுபோய்ச் சிந்தாமல் தலையிலிருந்து பாதம்வரைக்கும் தெளித்தார்கள். மணல் அதை உடனே குடித்துவிட்டு இன்னும் கேட்டது. தண்ணீர் கிடைத்ததும் அவன் எட்டு நீளமானது. ஒரு எட்டு வைத்தவன் பத்து எட்டு வைத்தான், மேட்டை விட்டு இறங்கினான், உடைமரக்காட்டைத் தாண்டினான்.

ராசக்கனி மட்டும் ஊற்றவில்லை.

லிங்கதுரையின் லாரி அவள் தெருப் பக்கம் வருவது நின்ற பிறகு, அவள் தண்ணீர் எடுக்கிற குழாய் ஊரின் மேற்குக் கோடியில் இருந்தது. ஒரு சாயங்காலம், நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்புகையில், அவன் பாதையை ஒட்டி, ஒரு கை தூரத்தில் நின்றிருந்தான். வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த ஊர் எழுந்து நின்றது. காற்று இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பூக்களும், முகத்தில் இருந்தவை, மார்பில் இருந்தவை, சுண்டுவிரல் இல்லாத கையில் இருந்தவை எல்லாம், மேற்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவை, காம்பைத் திருப்பி அவளைப் பார்த்தன. அவள் நின்றாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்தது, காலில் வடிந்தது. ஒரு கை அள்ளித் தெளித்தால் போதும், ஊர் குலவை போடக் காத்திருந்தது.

அவள் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"கல்லு மனசுக்காரி" என்றது ஒரு குரல். "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத பொம்பளை வெளங்குவாளா?" என்றது இன்னொன்று. மறுநாள் காலையில் தவசிமுத்து பாதையை விட்டுத் திரும்பி, நேராக அவள் தெருவுக்கு முகம் வைத்து நின்றான்.

இதற்குள் விஷயம் பரவி, டவுனில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற ஜெபசீலி டீச்சர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். தவசிமுத்துவின் முன்னால் குத்தவைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு பூவைப் பிரித்து, வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"இது கடுகுக் குடும்பம்மா. அந்தப் பெரிய குடும்பத்துல ரொம்பச் சின்ன வம்சம், இனம் எல்லாம் விரல்விட்டு எண்ணிரலாம். கடல் தாண்டி, அமெரிக்கப் பாலைவனத்து மணல்ல வளர்றது. இங்க எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியல."

"சூரத்து வழியா வந்திருப்பான்" என்றார் பலவேசம்.

டீச்சர் முகத்துப் பக்கம் காட்டினார். கண் இருக்கவேண்டிய இடங்களில் பூ உதிர்ந்து காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு வட்டம் ஒட்டிப் பிறந்த மாதிரி, பொம்மைக்குப் போடுகிற மூக்குக்கண்ணாடி மாதிரி, ஒவ்வொரு காயும். அதனால் தவசிமுத்து இப்போது பார்ப்பது போலவே இருந்தது.

"பாலைவனத்துச் செடி அவசரக்காரச் செடி" என்றார் டீச்சர். "மழை பெஞ்சதும் முளைச்சு, பூத்து, காய்ச்சு, முடிச்சிரும். இந்தக் காய் வெளுத்துக் காஞ்சு வெடிச்சா விதை மண்ணுக்குள்ள போயிரும். அப்புறம் எத்தனை வருஷம் வேணும்னாலும் தூங்கும். எப்ப மழை வந்தாலும் எந்திரிக்கும்."

"விழுந்த எடத்துலயேவா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. ராசக்கனி வந்து நிற்பதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"விழுந்த இடத்துலயேதான். ஒண்ணு விழுந்த இடத்துல நூறு."

ஊருக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. வருஷா வருஷம் தவசிமுத்து வருவான், ஒரு திருவிழா மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே ஒருவர் யோசனை சொன்னார். ராசக்கனி மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மழைக்கும் என் வாசலில், என்று அவள் நினைத்தாள். நான் சாகும்வரைக்கும், செத்த பிறகும்.

அதற்கடுத்த நாள்தான் அவன் குழாயடியைத் தாண்டினான். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை உடைந்து, சிந்துகிற தண்ணீர் வடிய வழியில்லாமல் எப்போதும் சேறாகத் தேங்கிக் கிடக்கும். காலையில் பார்த்தபோது தவசிமுத்துவின் இடது குதிகால் அந்தச் சேற்றில் இருந்தது, அந்தக் குதிகாலில் மட்டும் செடிகள் கறுத்து, கொழகொழத்து, பூவெல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. முள் குத்தியிருக்கும் என்று ஊர் முடிவு கட்டி, மஞ்சள் அரைத்து அந்த இடத்தில் பூசிவிட்டு, தாகமாக இருப்பான் என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றியது. கூட்டம் கலைந்த பிறகு ராசக்கனி வந்து குனிந்தாள். கறுத்த செடி ஒன்றை இழுத்தாள், வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தாள். வாய்க்கால் உடைத்துக்கொண்ட வருஷம், அப்பாவின் நாற்றங்காலில் தண்ணீர் நாலு நாள் நின்றபோது வந்த அதே நாற்றம். வீட்டுக்குப் போகும்போது அவள் நடை வேறு மாதிரி இருந்தது என்று வெள்ளையம்மா பிறகு சொன்னாள், அப்போது சொல்லவில்லை.

ராசக்கனி மனம் மாறிவிட்டாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது. குளத்தில் கரம்பைக் களிமண் வெட்டி, கூடை கூடையாகச் சுமந்து வந்து, முற்றத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்து, மணலே தெரியாதபடி கெட்டிப்படுத்தினாள். முற்றத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்துக் கட்டினாள். வாசலை அடைத்துக் கிடந்த முள்படலை எடுத்து ஓரமாகப் போட்டாள். புருஷனை வரவேற்கக் களம் மாதிரி முற்றம் செய்திருக்கிறாளே என்று பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஆற்றுப் பாசனத்துக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால், களத்துக்கு எதற்கு வரப்பு என்று கேட்டிருப்பார்கள். தேரியில் அந்தக் கேள்விக்கு ஆள் இல்லை.

லிங்கதுரை அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தான். அவளே அவனைத் தேடிப் போனாள். போர்வெல்லடியில் லாரித் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. அவன் டயரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஊரு பேசுதது எங்காதுலயும் விழுது" என்றான் அவன். "நான் ஒதுங்கிக்கிடட்டுமா? ஒனக்கு எது நல்லதோ அது."

"எனக்கு எது நல்லதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நீங்களும் கேக்காம ஒதுங்கப் பாக்கீங்க."

அவன் டயரிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றான்.

"ஒதுங்குத ஆளுன்னா இப்பவே போயிருங்க, நான் கோவப்பட மாட்டேன். இல்லைன்னா ஒண்ணு செய்யுங்க. அவரு எங்க முத்தத்துக்குள்ள வந்துட்டாருன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு, காலம்பறயே லாரிய நெறச்சு எங்க தெருவுக்குக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"குடிக்கத்தான். ஊரே சொல்லுது, தாகமா வாராராம்."

லிங்கதுரை அவள் முகத்தைப் பார்த்தான், மணிக்கட்டைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, மோட்டாரை நிறுத்தவில்லை. "கொண்டாறேன்" என்றான்.

பிறகு நாட்கள் நகர்ந்த விதம் இருக்கிறதே, அது அவளுக்குத்தான் தெரியும். அவன் தெருமுனைக்கு வந்தான், புளியமரத்தடிக்கு வந்தான், வெள்ளையம்மா வீட்டு வாசலைத் தாண்டினான், ஒவ்வொரு நாளும் முகத்தில் காய் கூடிக்கொண்டே போனது, பச்சையாக இருந்தது மஞ்சளித்துக்கொண்டே வந்தது. காய் முந்துமா, கால் முந்துமா? முற்றத்துக்குள் நுழைவதற்கு முன்பே வெடித்துவிட்டால் தெரு முழுக்க விதை, வாசல் முழுக்க விதை, எல்லாம் முடிந்துபோகும். அவன் சீக்கிரம் வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வாழ்நாளில் எந்தக் காலடிச் சத்தத்துக்குப் பயந்து பாத்திரம் கழுவுவதை நிறுத்துவாளோ, அந்தக் கால் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டினாள். அவளும் முதல் தடவையாக ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் அவன்மேல் தெளித்தாள். குலவைச் சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டது.

விடிந்தும் விடியாத ஒரு காலையில், கதவின் கீழ்ச் சந்து வழியாகக் கடுகு வாசம் உள்ளே வந்தது. அவள் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

முற்றம் முழுக்க அவன்தான். நடந்து வந்தவன் வாசலுக்கு நேரே குப்புற விழுந்த மாதிரி, மேட்டில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கரம்பை மண்ணில் கால் இரண்டும் வரப்பைத் தொடும்படி நீண்டு கிடந்தான். முகம் நிமிர்ந்திருந்தது. அவ்வளவு நாளும் வீசிக்கொண்டு வந்த வலது கை முன்னால் நீண்டு, நிலைப்படியின் மேல், மரத்தில் வேர் பிடிக்க மண்ணே இல்லாத இடத்தில், சுண்டுவிரல் இல்லாமல் விரிந்து பூத்திருந்தது. இன்னும் ஒரு சிமிட்டலில் உள்ளே வந்திருப்பான். கண்களில் காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தன.

அவள் அந்தக் கையைத் தாண்டிக் கால் வைத்து வெளியே வந்தாள். லிங்கதுரைக்குத் தகவல் சொல்ல ஒரு பையனை ஓட்டினாள், வெயில் ஏறுவதற்குள் தெருவில் லாரி ஹாரன் கேட்டது.

ஊர் திரண்டு வந்தது. பலவேசம் வேட்டி துண்டைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். புது மாப்பிள்ளையாக வேண்டியவனே பழைய புருஷனுக்குத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறான், என்ன பெரிய மனசு என்று லிங்கதுரையை ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். ராசக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாரும் சேந்து ஊத்துங்க. என் ஒருத்தி கையால ஊத்துனா அவருக்குப் பத்தாது" என்றாள். லாரியிலிருந்து வாசல்வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குடம் கைமாறியது, தவலை கைமாறியது, பிளாஸ்டிக் வாளி கைமாறியது, ஊற்று ஊற்று என்று பிள்ளைகள் கத்தின, ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு குலவை எழுந்தது, மணலில் ஊற்றி ஊற்றிப் பழகிய கைகள் மண் குடித்துவிடும் என்று நம்பி ஊற்றிக்கொண்டே இருந்தன. கரம்பை மண் குடிக்கவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, வரப்பில் பாதியைத் தொட்டது, பூக்கள் மூழ்கின. எட்டுப்பனைவிளை ஒரு தனி மனுஷன்மேல் அவ்வளவு தண்ணீரைக் கொட்டியதே கிடையாது. தொட்டி காலியானதும் லிங்கதுரை திரும்பப் போய் நிறைத்துக்கொண்டு வந்தான்.

உச்சிவெயில் ஏறியபோது தண்ணீர் சூடாகி, அழுகல் நாற்றம் கிளம்பியது. மேட்டில் அவசரமாகப் பூத்தவன், அதே அவசரத்தில் அழுகினான். கால்கள் கறுத்தன, முதுகு கறுத்தது, வெள்ளைப் பூ ஒவ்வொன்றாக மிதந்து வந்து வரப்போரம் நுரையாக ஒதுங்கியது. கூட்டத்தில் குலவை நின்றது.

"போதும், நிப்பாட்டு!" என்று பலவேசம் கத்தினார். "ஆளு கெடந்து அழுகுதான்! ஒனக்குக் கண்ணு இல்லையா?"

ராசக்கனி அடுத்த குடத்தை வாங்கி ஊற்றினாள்.

"தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதவன்னு ஊரு சொல்லுச்சே அத்தான். குடுக்கேன். போதும்னு அவரு சொல்லட்டும்."

பலவேசம் வரப்பை உடைக்க மண்வெட்டியோடு முன்னால் வந்தார். லிங்கதுரை நகர்வதற்குள், வெள்ளையம்மா குறுக்கே வந்து நின்றாள். புருஷனின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, தூக்கித் தெருவில் எறிந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவர் கையிலிருந்து ஒரு பொருளை அப்படி வாங்கியதில்லை. பலவேசம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முகம்தான் கடைசிவரைக்கும் மிஞ்சியது, நிமிர்ந்திருந்ததால். நிலைப்படியில் இருந்த கை தண்ணீர் எட்டாமலே வாடிச் சுருண்டது. ராசக்கனி சேற்றில் இறங்கி, அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வெளுத்த காய்களை வெடிக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் பறித்தாள். பறித்ததை மண்ணில் போட முடியாது, அடுப்பில் போடக் கொண்டுபோனால் வழியில் ஒன்று விழலாம். அதனால் வாயில் போட்டு மென்றாள். காரம் மூக்கில் ஏறி, கண்ணும் மூக்கும் கொட்ட ஆரம்பித்தது. மென்று, விழுங்கி, அடுத்ததைப் போட்டாள். முகத்தில் காய் ஏராளமாக இருந்தது, ஒருத்தி வாய்க்கு அது ஆகிற காரியமில்லை. உதடு வீங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

வெள்ளையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேக்கும்டி" என்றாள் மெதுவாக. "ஒரே செவருதான நடுவுல. ஒவ்வொரு நாளும் கேக்கும்."

"தெரியும்க்கா" என்றாள் ராசக்கனி.

வெள்ளையம்மா ஒரு காயைப் பறித்து வாயில் போட்டாள். கடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. இன்னொன்றைப் பறித்தாள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், பின்னாலேயே இன்னொருத்தி, அப்புறம் நாலு பேர், அப்புறம் யார் யார் என்று எண்ண முடியவில்லை; கோயில்காரிகளும் தேவாலயக்காரிகளுமாக அழுகின சேற்றில் நெருக்கி உட்கார்ந்து, தவசிமுத்துவின் கண்ணையும் காதையும் வாயையும் பறித்து, மென்று, மூக்கைச் சிந்தி, மறுபடி பறித்தார்கள். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணீர் வடிகிற பெண்களைப் பார்த்த ஆண்கள், இது துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பலவேசம் இழவு வீட்டில் செய்வதுபோல, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். தம்பிக்காக ஊர்ப் பெண்கள் இவ்வளவு அழுவார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை, அவரும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் அவரைத் திருத்தப் போகவில்லை.

ராசக்கனி விரலால் சேற்றைத் துழாவித் துழாவிப் பார்த்தாள். மோவாய் இருந்த இடத்தில் கடைசியாக ஒரு காய் அகப்பட்டது. அதைப் புடவையில் துடைத்து, இரண்டு வட்டமாகப் பிய்த்து, ஒன்றை வெள்ளையம்மாவிடம் கொடுத்தாள்.